சுவருக்குள் போன வயர்

எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எழுபதுகளின் தொடக்கம். பாலக்கோடு பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு கல் தூரம் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். முக்கால்வாசி கிறிஸ்தவக் குடும்பங்கள், அத்தனை பேருக்கும் காட்டு வேலைதான். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வீட்டில் நான், என் மாமியார், இரண்டு வயது மகள், ஒரு செவலைப் பசு. பசுவை ஏன் ஆட்களோடு சேர்த்துச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒருவரிடம் சொன்னேன், ஆனால் அது சொன்னதில் சேராது. ஏன் சேராது என்பதுதான் இருப்பதிலேயே பெரிய கேவலம். அதையும் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது மண் சுவர் வைத்த ஓட்டு வீடு. என் மாமியார் நல்ல மனுஷிதான், ஆனால் சுவர் என்று வந்துவிட்டால் அவரிடம் பேச முடியாது. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் யாரோ படம் மாட்ட ஆணி அடிக்கப்போய் ஒரு கூடை மண் கொட்டியதாம். அன்றிலிருந்து சுவரில் ஒரு குண்டூசி குத்தக்கூடாது. இருதய ஆண்டவர் படம்கூட எங்கள் வீட்டில் சுவரில் மாட்டியிருக்காது. விட்டத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்போம். காற்று அடித்தால் ஆண்டவர் லேசாகத் திரும்பி அடுப்பங்கரையைப் பார்ப்பார். நான் சிரித்தால் மாமியார் முறைப்பார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் கரண்டு வயரை எப்படி ஓட்டுவது? அந்தக் காலத்தில் வயர்மேன்கள் வந்தால் முதலில் உளியைத்தான் எடுப்பார்கள். அடிக்கொரு ஓட்டை போட்டு, அதில் மரக்கட்டையைச் செருகி, அதன்மேல் மெல்லிய மரச்சட்டத்தைத் திருகி, அதில்தான் வயரை வரிசையாகப் பிடித்துக்கொண்டு போவார்கள். மாமியார் இரண்டு பேரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவதாக வந்தவர் பக்கத்து ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். முப்பது வயது இருக்கும். சைக்கிளின் பின்னால் சாமான் மூட்டை கட்டியிருந்தார். மாமியார் சொன்னதை எல்லாம் நின்று கேட்டார். பிறகு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, சுவரை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார், அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார்.

“இந்தச் சொவத்துல நான் கையே வெக்கலைங்க பெரியம்மா. மரத்துக்கு மரம் போயிக்கிறேன்” என்றார்.

சொன்னபடியே செய்தார். சட்டத்தை விட்டத்தின்மேல் ஓட்டினார், விட்டம் முடிகிற இடத்தில் நிலைக்கால் வழியாக இறக்கினார், சுவிட்சை நிலைக்காலிலேயே வைத்தார். வயர் சாண் தூரத்துக்கு ஒரு கிளிப்போடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. கீழே ஒரு பொட்டு மண் விழவில்லை. மாமியார் முதல் நாள் முழுக்கக் கூடவே நின்று பார்த்தார். திருப்தியாகிவிட்டது. மறுநாள் காலையில் ஏரியூரில் இருக்கும் தன் மகளுக்குப் பிரசவ நேரம் என்று பஸ் ஏறிவிட்டார்.

வம்பு ரேடியோவால் வந்தது. கரண்டு வருகிறது என்று கேள்விப்பட்டு என் அப்பா ஒரு பெரிய ரேடியோ வாங்கிக் கொடுத்திருந்தார். ஊரில் அப்போது மூன்றாவது ரேடியோ அது. வாசலில் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படவேண்டும் என்று எனக்கு. அதனால் எதிர்ச் சுவரை ஒட்டி ஒரு முக்காலி போட்டு வைத்தேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகை. பக்கத்தில் மரம் என்று பார்த்தால் கொல்லைக் கதவின் நிலைக்கால்தான், அதுவும் ஆறேழு அடி தள்ளி.

ரேடியோவை நிலைக்கால் ஓரத்துக்கே நகர்த்திவிடச் சொன்னார் வயர்மேன். அங்கே அடுப்புப் புகை அடிக்கும், மாட்டேன் என்றேன். அப்படியானால் மூலையில் ஒரு சவுக்குக் கம்பத்தைத் தரைக்கும் விட்டத்துக்கும் நடுவில் ஆப்பு வைத்து நிறுத்தி, அதில் வயரை இறக்கித் தருகிறேன், சுவரில் படாது என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை கோயில் திருநாளுக்கு என் தாய்வீட்டுச் சனமே வருகிறது, அவர்கள் ரேடியோவைப் பார்ப்பதா, வீட்டுக்குள் நட்ட உங்கள் கொடிக்கம்பத்தைப் பார்ப்பதா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். நிலைக்காலிலிருந்து நூல் சுற்றிய முறுக்கு வயர் ஒன்றை இழுத்து, நுனியில் பிளக் செருகும் பெட்டியை மாட்டி, முக்காலிமேல் வைத்தார். இப்போதைக்கு இது இப்படித் தொங்கட்டும், மழை பிடிப்பதற்குள் சொல்லி அனுப்புங்கள், அரைமணி நேர வேலை, வயரைச் சுவரில் மட்டும் ஒட்டவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் அந்த வயர் தொங்கியது, துணி காயப்போடுகிற கொடி மாதிரி. போகும்போதும் வரும்போதும் கண்ணை உறுத்தியது. என் அக்கா டவுனில் வாழ்க்கைப்பட்டவள், தர்மபுரியில். வந்து பார்த்து என்ன சொல்வாள், எந்தக் குரலில் சொல்வாள் என்பதுவரை எனக்குக் காதில் கேட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் மகளைத் தூங்கவைத்துவிட்டுக் களைக்கொத்தை எடுத்தேன். நிலைக்காலிலிருந்து முக்காலிவரை சுவரில் ஒரு விரல் ஆழத்துக்குக் கீறிக்கொண்டே போனேன். மண் சுவர்தானே, வெண்ணெய் மாதிரி வந்தது. நடுவில் ஓரிடத்தில் கொத்து முனை இரும்பில் பட்டு டங்கென்றது. அது என்னவென்று எனக்குத் தெரியும். மாடு கட்டுகிற இரும்பு வளையத்தின் வால் அது. கொட்டகைப் பக்கமிருந்து சுவரைத் துளைத்து, இந்தப் பக்கம் மடக்கி, மேலே பூசிவிட்டிருந்தார்கள். அதன்மேலேயே வயரை அழுத்தி வைத்தேன். செம்மண்ணைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் இரண்டு கை சுண்ணாம்பு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை கரண்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் என் சனம் முக்காலியின் அடியில் எல்லாம் குனிந்து தேடியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் கழித்து மாமியார் வந்தார். வந்ததும் வராததுமாக அந்தச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். சுவரைக் கீறினேன் என்று தெரிந்தால் அன்றைக்கு ஊரே எங்கள் வாசலில் நிற்கும்.

“கெட்டிக்காரன். எப்படி வெச்சான்னே தெரியலியே” என்றார்.

“ஆமாங்க அத்தை” என்றேன்.

அந்த நேரத்தில் அது ஒரு பொய்யாகவே எனக்குத் தோன்றவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது. வயர்மேனுக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. வத்தல்மலைப் பக்கம் கண்ணுக்கே தெரியவில்லை, அப்படி மூடிக்கொண்டது. கொட்டகையில் ஓடு ஒழுகி அந்தச் சுவர் அடியிலிருந்து நனைந்து ஏறியது. ரேடியோவை நிறுத்துவோமே தவிர, நிலைக்காலில் இருக்கும் சுவிட்சை நாங்கள் யாரும் அணைத்ததே கிடையாது. அதை அணைக்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் கூட்டும்போது என் கை சுவரில் பட்டு சுரீர் என்றது. கட்டெறும்பு என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். எறும்பைத் தேடினேன், எறும்பு இல்லை என்று பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் எறும்பு என்று வைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே பசு மாறிப்போனது. வளையத்துக்குப் பக்கத்தில் நிற்காது. சங்கிலியை இழுத்துக்கொண்டு தள்ளித் தள்ளிப் போகும். பாலை அடக்கிக்கொண்டது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து மாட்டின்மேலும் சுவரின்மேலும் தெளித்தார். நான்தான் சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு இரண்டாம் நாள் விடிந்து போய்ப் பார்த்தால் பசு சுவரோரம் விறைத்துக் கிடந்தது. சங்கிலியை அவிழ்க்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தார். அப்போதுதான் கரண்டு என்று எல்லோருக்கும் புரிந்தது. தள்ளிக் கட்டியிருந்த அதன் கன்று கத்திக்கொண்டிருந்தது. என் மகள் தினமும் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் ரேடியோ கேட்பாள். அதை நினைத்ததும் உள்ளே ஓடி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

ஆள் போய்ச் சொன்னதும் வயர்மேன் சைக்கிளில் ஓடிவந்தார். மெயினை அணைத்தார். நிலைக்கால்வரை கண்ணை ஓட்டினார். தான் விட்டுப்போன வயர் சுவருக்குள் நுழைவதைப் பார்த்தார். விரல் நகத்தால் சுரண்டினார். ஈரச் சுண்ணாம்பு பாளம் பாளமாக வந்தது, உள்ளேயிருந்து ஊறிப்போன வயர் வந்தது. வாசல் நிறையச் சனம்.

மாமியார் கேட்டார்: “சொவத்துல கை வெக்கலன்னு சொன்னியே. இது யாரு வெச்சது?”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் பார்த்தார். அத்தனை பேர் முன்னால், சுவரைக் கீறி, மாட்டைக் கொன்ற மருமகள் என்று நிற்க என்னால் முடியவில்லை.

“நீங்கதானேங்க வெச்சீங்க” என்றேன்.

மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை பாருங்கள். பொய்யைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் சொன்னேன்.

நான் வைக்கவில்லை என்று அவர் ஒரு தடவை சொன்னார். மாமியார் வாய்க்கு வந்தபடி பேசிய பிறகு சொல்லவில்லை. யார் பேச்சு எடுபடும்? நான் அந்த ஊர் மருமகள், பட்டாளத்துக்காரர் பெண்டாட்டி. அவர் வெளியூர், வேறு பாஷை, வேறு சாமி. மறுநாள் காலையில் தோளில் ஒரு சவுக்குக் கம்பத்தோடு வந்தார். முன்பு சொன்னபடியே மூலையில் கம்பத்தை நிறுத்தி, மேலே ஆப்பு இறுக்கி, புது வயரைக் கிளிப்போடு இறக்கிக் கொடுத்தார். போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, “சொவரு காயுற வரைக்கும் பாப்பாவ அந்தப் பக்கம் விடாதீங்கம்மா” என்றார். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

மாமியார் விடவில்லை. கோயிலில், கிணற்றடியில், சந்தையில் என்று பார்த்தவர்களிடம் எல்லாம் வயரைச் சுவருக்குள் புதைத்து மாட்டைக் கொன்றவன் என்று சொல்லித் தீர்த்தார். அவருக்கென்ன தெரியும்? மாடு போன ஆற்றாமை. ஏற்கெனவே வயர் ஓட்டிக்கொண்டவர்கள் பயந்துபோய்ச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். புதிதாக யாரும் அந்த மனிதரைக் கூப்பிடவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் மாமியார் காட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவர் வேலியோரம் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். எங்கள் கோயில் பங்கில் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு வயர் ஓட்டுகிற வேலையை முன்பே அவரிடம்தான் கோயில் பாதிரியாரான பங்குச் சாமியார் பேசியிருந்தார். இப்போது ஊர்க்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

“ஊருக்கெல்லாம் நீங்க சொல்ல வேணாம்மா. சாமியாருகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரு வெளிய விடமாட்டாரு. இந்த வேலையும் போச்சின்னா பொண்டாட்டி புள்ளைங்கள கூட்டிக்கிட்டு நான் ஊரை விட்டே போவணும்.”

சொல்கிறேன் என்றேன். அப்போது நிஜமாகத்தான் சொன்னேன்.

இனிமேல் எழுதப்போவதற்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில், அதாவது பலகைக்கு அந்தப் பக்கம் உட்காரும் சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுகிற கூண்டில், சொன்ன பாவம் அங்கேயே முடிந்துவிடும். கழுத்தை அறுத்தாலும் சாமியார் அதை வெளியே சொல்லக்கூடாது. சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, தெரிந்த மாதிரி நடந்துகொள்ளவும் கூடாது. சின்ன வயதில் முதல் நன்மைக்கு, அதாவது பூசையில் முதன்முதலாக அப்பம் வாங்குவதற்குப் படிக்கிறபோதே, வேதம் சொல்லித்தந்த உபதேசியார் இதை எங்களுக்கு மனப்பாடம் பண்ணிவைத்திருந்தார். அந்த வயர்மேனுக்கு இது தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரின் அறைக்குப் போகாமல் கோயிலுக்குள் போய், வரிசையில் நின்று, தொட்டியில் முழந்தாளிட்டேன். களைக்கொத்தை எடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் பேசினார்.

“இத இங்க சொன்னா நான் கேக்காத மாதிரிதாம்மா. எழுந்து வெளிய வா. நேரா என் அறைக்கு வந்து திரும்பச் சொல்லு. அதுதான் உனக்கு அபராதம்” என்றார்.

“சரிங்க சாமி” என்றேன்.

வெளியே வந்தால் இரண்டு வரிசை தள்ளி மாமியார் முக்காடு போட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கோயில் வாசலிலிருந்து சாமியார் அறை முப்பது அடி இருக்கும். கதவு திறந்துதான் இருந்தது. நான் அந்தக் கதவைத் தாண்டி வீட்டுக்கு நடந்துவிட்டேன். அபராதத்தைத் தீர்க்காமலே மறுநாள் பூசையில் நன்மையும் வாங்கினேன். வாங்காமல் உட்கார்ந்திருந்தால் ஏன் என்று மாமியார் கேட்பாரே. சாமியார் என் நாக்கில் அப்பத்தை வைக்கும்போது அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இருக்கக்கூடாது, அதுதான் சட்டம். அதை எண்ணித்தானே நான் தொட்டிக்குப் போனேன்.

திங்கட்கிழமை அந்த மனிதர் வேலியோரம் வந்தார். சொல்லிவிட்டேன் என்றேன். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அவரைவிட நான் பத்து வயது சின்னவள்.

அடுத்த வாரம் கட்டட வேலையைப் பற்றிப் பேச ஊர்ப் பெரியவர்கள் கோயிலில் உட்கார்ந்தார்கள். மாடு செத்த கதையை எடுத்தார்கள். மாமியாரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். சாமியார் தரையையே பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டாராம். மாமியார்தான் வந்து சொன்னார். வேலை தர்மபுரியில் ஒருவருக்குப் போயிற்று.

வயர்மேன் கடைசியாக ஒரு தடவை வந்தார். சைக்கிள் இல்லை, விற்றுவிட்டார் போல.

“சாமியாருகிட்ட சொன்னீங்கல்லம்மா?” என்றார்.

“சொன்னேங்க.”

“அப்ப அவருக்கே என்மேல நம்பிக்கை வரலை. பரவால்லைங்க. நீங்க சொன்னீங்க பாருங்க, அது போதும்.”

இப்போதாவது நிறுத்தி, நடந்ததைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எதற்கெடுத்தாலும் நீளுகிற அந்த வாய் எங்கே போயிற்றோ. அவர் போவதற்கு முன், கம்பத்தின் மேல் ஆப்பு தளர்ந்திருந்தால் லேசாகத் தட்டிவிடச் சொன்னார். குடும்பத்தோடு பெங்களூர் பஸ் ஏறிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடக் கட்டடத்தில் புது வயர்மேன் அடிக்கொரு ஓட்டை போட்டுத்தான் சட்டம் அடித்தார். ஓட்டையைச் சுற்றிப் பூச்சு பொரிந்து பொரிந்து விழுந்ததைப் பின்னாளில் மகளைப் பள்ளிக்கு விடப்போகும்போதெல்லாம் பார்ப்பேன்.

அந்த ஆப்பு தளரவே இல்லை. கம்பம் நிறுத்தின இடத்தில் நின்றது. வயர் ஒரு கிளிப்கூட விடாமல் இருந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்போம். அந்த மூலைக்கு வரும்போது மட்டும் மட்டையை வைத்துவிட்டு, கம்பத்துக்குப் பின்னால் கையை விட்டு, துணியால் தொட்டுத் தொட்டு அடிக்க வேண்டும். அதை நான்தான் செய்வேன். மாமியார் ரேடியோவை இறக்கிய முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

“மாடு செத்த பொறவுதான் அவனுக்குப் புத்தி வந்துச்சி. இப்ப பாரு, சொவத்துல ஒரு கீறல் இல்லாம எப்படி வெச்சிருக்கான்” என்பார். ஒரு வருஷம் தவறாமல் சொல்வார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டே, “ஆமாங்க அத்தை” என்பேன்.